செட்டிநாட்டுச் செம்மண்ணில் சோயா: எந்த வேர்முடிச்சு பாக்டீரியாவை நம்பலாம்?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் கடலைக்கு மாற்றாகவோ, கடலையோடு ஊடுபயிராகவோ சோயா போட்டுப் பார்க்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குச் சோயா புண்ணாக்கு வேண்டும். அதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று வெளியிலிருந்துதான் வருகிறது. ரகம், பட்டம், விலை பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறார்கள். விதையோடு மண்ணுக்குள் போய், வேரில் முடிச்சு வைத்து, காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்குப் பிடித்துக் கொடுக்கவேண்டிய பாக்டீரியாவைப் பற்றி மட்டும் பேச்சே எழுவதில்லை. சோயாவையே பார்த்திராத நிலத்தில் முதல் வருடப் பயிர் தேறுமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது என்று உறுதியாக நினைக்கிறேன்.

நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. யூரியாவை நம்பலாம். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவை நம்பலாம். உலகம் முழுக்கப் பேர்பெற்ற யுஎஸ்டிஏ 110 (அமெரிக்க வேளாண்துறைச் சேகரிப்பில் அதன் எண்) போன்ற வகையை விதையில் கலந்து போடலாம். அல்லது நம்மைப் போன்ற வெப்பப் பகுதியின் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த வகையைக் கலந்து போடலாம். என் தேர்வு நான்காவது. கண்மாய்ப் பாசன வயலுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

யூரியா

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு டன் சோயா மணி விளைய சுமார் 80 கிலோ தழைச்சத்து தேவை. ஏக்கருக்கு 500 கிலோ எடுத்தால் 40 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று அதிகம், ஆக இரண்டு மூட்டை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் போட்டது அத்தனையும் செடிக்குப் போகாது. நம் சரளைச் செம்மண்ணில் ஐப்பசி மழை ஒரு அடி அடித்தால் கணிசமான பங்கு வேருக்குக் கீழே இறங்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், மண்ணில் நைட்ரேட் கூடினால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்க வேண்டியதைக் காசு கொடுத்து நிறுத்துவது போல ஆகிவிடும். விதைக்கும்போது ஏக்கருக்கு 8 கிலோ தழைச்சத்து, முடிச்சு வேலை செய்யத் தொடங்கும் வரை இளஞ்செடி தாக்குப்பிடிக்க. அதற்கு மேல் வேண்டாம்.

மண்ணில் இருப்பது போதுமா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. செட்டிநாட்டு நிலங்களில் உளுந்து, தட்டைப்பயறு, கடலை எல்லாம் தலைமுறை தலைமுறையாக விளைந்திருக்கின்றன. அவற்றின் வேரில் முடிச்சு வைப்பவையும் சோயாவில் முடிச்சு வைப்பவையும் பெரும்பாலும் ஒரே பேரினம்தான்: பிராடிரைசோபியம். ஆய்வகத் தட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும் மந்தமான பாக்டீரியா.

பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, உளுந்துக்கு வாங்கின பாக்கெட்டு மிச்சம் கிடக்கு, அதையே இதுக்கும் போட்டா ஆகாதா?" நல்ல கேள்வி. இரண்டுக்கும் பேரினம் ஒன்றாக இருக்கலாம், இனம்கூட ஒன்றாக இருக்கலாம். இந்தியாவில் உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு வேர்களிலும் சரி, சோயா வேர்களிலும் சரி, பிராடிரைசோபியம் யுவான்மிங்கென்ஸ் என்ற இனம் அதிகமாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் எந்தச் செடியோடு கூட்டுச் சேரலாம், சேர்ந்தபின் எவ்வளவு தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் குரோமோசோமில் தனியாக ஒரு பகுதியில் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பகுதி ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும். அதனால் இனப்பெயர் ஒன்றாக இருந்தாலும் கூட்டுச்சேரும் மரபணுக்கள் வேறாக இருக்கலாம். உளுந்தில் நன்றாக வேலை செய்யும் ஒன்று சோயாவில் முடிச்சே வைக்காமல் போகலாம். அல்லது முடிச்சு வைத்துவிட்டுச் செடியின் சர்க்கரையைத் தின்றுகொண்டு ஒன்றும் திருப்பித் தராமல் இருக்கலாம். இரண்டாவதுதான் மோசம். பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு இருக்கும், செடி மட்டும் வெளிறி நிற்கும். ஆகவே உளுந்துப் பாக்கெட்டு உளுந்துக்கே.

மண்ணில் இருப்பவை எத்தனை என்பதும் முக்கியம். ஹவாய்த் தீவுகளில் மௌயியில் பல நிலங்களில் பல பயறுவகைகளை வைத்துச் செய்த ஆய்வு 1991இல் வெளியானது. ஒரு கிராம் மண்ணில் அந்தப் பயிருக்குப் பொருந்தும் உள்ளூர் பாக்டீரியா வெறும் 50 இருந்தாலே, வெளியிலிருந்து கலந்து போட்டதற்கு விளைச்சலில் பலன் தெரியாமல் போகலாம் என்று அதில் தெரியவந்தது. அமெரிக்காவில் 1970களில் சோயாவை வைத்தே பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட முடிச்சுகளை நாம் போட்ட வகை பிடிக்கவேண்டுமானால் மண்ணில் இருப்பதைப் போல 1,000 மடங்கு போடவேண்டியிருந்தது. ஊரில் இருப்பவர்கள் கூட்டமாக இருந்தால் வெளியாளுக்கு இடம் கிடைப்பது அவ்வளவு கடினம்.

இதை நமக்கு எப்படிப் பொருத்துவது? சோயா ஒருமுறைகூட விளையாத புன்செயில் சோயாவுக்கென்றே பொருந்திய வகைகள் குறைவாகத்தான் இருக்கும். அங்கே கலந்து போடுவதற்குப் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சோயா ஏற்கெனவே சில வருடம் விளைந்த நிலமாக இருந்தால் கதை வேறு; மண்ணில் தங்கிவிட்டவற்றோடு புதிது போட்டி போடவேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலோருக்கு முதல் நிலைமைதான். முதலில் எதைப் போடுகிறோமோ, அதுவே மண்ணில் குடியேறி அடுத்தடுத்த வருடங்களில் வருவதற்குப் போட்டியாக நிற்கும். முதல் தேர்வைச் சரியாகச் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆப்பிரிக்காவில் வேறொரு வழி பார்த்தார்கள். நைஜீரியாவின் இபாடானில் இருக்கும் வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனம், மண்ணில் இருக்கும் தட்டைப்பயறு வகை பாக்டீரியாக்களோடே கூட்டுச் சேரக்கூடிய சோயா ரகங்களை உருவாக்கியது. அருமையான யோசனை. ஆனால் நமக்குக் கிடைக்கும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ ரகங்களை அந்தக் கணக்கில் வைத்து நம்பிவிட முடியாது.

வெப்பம் யாரைத் தேர்ந்தெடுக்கிறது?

சோயாவில் முடிச்சு வைப்பவை எல்லாவற்றையும் ஒரு காலத்தில் ஒரே பெயரில்தான் அழைத்தார்கள். 1982இல் பிராடிரைசோபியம் என்ற பேரினம் பிரிந்தது. அதற்குள் 1992இல் எல்கானி தனி இனமானது, 2002இல் யுவான்மிங்கென்ஸ் சேர்ந்தது. அதுவரை ஜப்போனிகம் என்று அழைக்கப்பட்ட யுஎஸ்டிஏ 110, 2013இல் டயசோஎஃபிசியன்ஸ் என்ற புது இனத்துக்குள் போனது. சீனாவின் கார மண்ணில் கிடைக்கும் வேகமாக வளரும் ஃபிரெடி வகையும் உண்டு. நம் அமிலச் செம்மண்ணுக்கு அது தேவையில்லை.

எந்த மண்ணில் எது இருக்கிறது என்று பார்க்க, சோயாவை அந்த மண்ணில் வளர்த்து, முடிச்சுகளைப் பறித்து, உள்ளே இருக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதன் ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையில் இருக்கும் டிஎன்ஏ துண்டைப் பெருக்கி, நொதிகளால் வெட்டி, கோடுகள் விழும் விதத்தை ஒப்பிடுகிறார்கள். ஜப்பானில் வடக்கே ஹொக்கைடோவிலிருந்து தெற்கே ஒகினாவா வரை இப்படிப் பார்த்தபோது வந்த படம் மிகத் தெளிவானது. குளிர்ந்த வடக்கில் யுஎஸ்டிஏ 123 போன்ற ஜப்போனிகம் வகைகள், நடுவில் யுஎஸ்டிஏ 110 கூட்டம், வெப்பமான தெற்கில் எல்கானி. அமெரிக்காவிலும் தெற்கே போகப் போக எல்கானி கூடியது. நேபாளத்தில் அட்சரேகைக்குப் பதிலாக மலை உயரம் அதே வேலையைச் செய்தது: மேலே ஜப்போனிகம், கீழே வெப்பமான சமவெளியில் எல்கானியும் யுவான்மிங்கென்ஸும். பிலிப்பைன்ஸில் பல இடங்களில் எல்கானி ஆதிக்கம். இந்தியாவில் யுவான்மிங்கென்ஸ் முன்னால் நிற்கிறது.

இத்தனை நாடுகளில் ஒரே போக்கு தெரிகிறதென்றால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. மண்ணின் வெப்பம் சிலவற்றைப் பெருகவிடுகிறது, சிலவற்றை ஒடுக்குகிறது. செட்டிநாடு ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை வைகாசியில் வெற்று நிலத்தின் மேல்மண் 40 டிகிரியைத் தாண்டும். கரிமச்சத்து குறைந்த சரளை மண் வெயிலைத் தாங்கும் போர்வையும் இல்லாதது. இந்த மண்ணில் கோடையைக் கடந்து பிழைப்பது எது என்பதுதான் என் முதல் கேள்வி. யார் அதிகத் தழைச்சத்து பிடிப்பார் என்பது இரண்டாவது. பிழைக்காததின் திறமையால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

ஆனால் இதை வைத்து "வெப்பநாட்டு வகையெல்லாம் நல்லது" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எல்கானியில் ஒரு குறை உண்டு. அதன் பல வகைகள் ரைசோபிடாக்சின் என்ற பொருளைச் சுரக்கின்றன. சோயாவின் இளம் இலைகள் அதனால் மஞ்சளாகலாம். தழைச்சத்து பிடிக்கும்போது வீணாகும் ஹைட்ரஜனைத் திரும்பப் பிடித்துச் சக்தியாக்கிக்கொள்ளும் வசதி யுஎஸ்டிஏ 110இல் இருக்கிறது, பல எல்கானி வகைகளில் இல்லை. மொத்தத்தில் எல்கானியின் திறன் டயசோஎஃபிசியன்ஸை விடக் குறைவு என்பது பரவலான கருத்து. அதே நேரம் பிரேசிலில் பரிந்துரைக்கப்பட்ட நான்கு வகைகளில் இரண்டு, செமியா 587ம் செமியா 5019ம், எல்கானிதான். இனத்தைப் பார்த்து ஒதுக்குவதும் தவறு, இனத்தைப் பார்த்து வாங்குவதும் தவறு. வகையை, அதாவது இனத்துக்குள் தனி எண் கொண்ட அந்தக் குறிப்பிட்ட பாக்டீரியாவை, பார்க்க வேண்டும்.

யுஎஸ்டிஏ 110க்கும் நியாயம் செய்யவேண்டும். அதைக் குளிர்நாட்டுச் சரக்கு என்று தள்ளுவது சரியல்ல. 1957இல் வெயிலுக்குப் பேர்போன புளோரிடாவில் கிடைத்த வகை அது. 2002இல் அதன் மரபுத்தொகுதி முழுவதையும் படித்து முடித்தார்கள், 91 லட்சம் எழுத்துகள். உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட சோயா பாக்டீரியாக்களில் அதுவும் ஒன்று. திறமையில் குறையில்லை. என் தயக்கம், கோடையில் காய்ந்து கிடக்கும் மேட்டுப் புன்செயில் அது எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பதில்தான்.

இந்த இடத்தில் பிரேசிலைக் கொஞ்சம் நின்று பார்க்க ஆசை. அங்கே செராடோ என்ற பெரிய புல்வெளிப் பகுதி, அமிலச் செம்மண், சத்துக் குறைவு, வெப்பம். நம் மண்ணுக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். சோயா வந்தபோது அந்த மண்ணில் சோயாவுக்கான பாக்டீரியா இல்லை. வெளியிலிருந்து கொண்டுபோய்ப் போட்டார்கள். பிறகு செய்ததுதான் புத்திசாலித்தனம். போட்ட வகைகள் அந்த மண்ணில் வருடக்கணக்கில் வாழ்ந்து பழகிய பின் முடிச்சுகளிலிருந்து திரும்பப் பிரித்தெடுத்து, அவற்றுள் போட்டித்திறனும் தழைச்சத்துத் திறனும் சேர்ந்தவற்றைப் பொறுக்கினார்கள். இன்று அங்கே பெருமளவில் பயன்படும் செமியா 5079 அப்படிக் கிடைத்ததுதான். அந்நாட்டுச் சோயா இன்று கிட்டத்தட்ட முழுவதும் பாக்டீரியாவை நம்பியே விளைகிறது, தழைச்சத்து உரம் போடுவதில்லை. இந்தப் பணியில் வாழ்நாளைச் செலவிட்ட மரியாங்கெலா ஹுங்ரியாவுக்கு 2025ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது. மண்ணுக்குப் பழகியதைப் பொறுக்கி எடுக்கும் இந்த வேலையை வம்பன் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையமும் செட்டிநாடு உலர்நில வேளாண் ஆராய்ச்சி நிலையமும் நம் சரளை மண்ணில் சோயாவுக்குச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மேட்டுப் புன்செயும் கண்மாய் வயலும்

ஒரே ஊருக்குள் இரண்டு பதில் உண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மழையை மட்டும் நம்பும் மேட்டுச் செம்மண்ணில் வெப்பமும் வறட்சியும்தான் எதிரிகள். அங்கே யுவான்மிங்கென்ஸோ, தேர்ந்தெடுத்த எல்கானியோ, எதுவானாலும் தமிழ்நாட்டிலோ தென்னிந்தியாவிலோ பிரித்தெடுத்த வகைக்கே என் ஓட்டு.

கண்மாய்க்குக் கீழே நெல் அறுத்த பின் சோயா போடும் நன்செய் வேறு உலகம். மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற மண்ணில் காற்று இருக்காது. ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை வைத்து மூச்சு விடத் தெரிந்த பாக்டீரியாவுக்கு அங்கே அனுகூலம். யுஎஸ்டிஏ 110 நைட்ரேட்டை நைட்ரஜன் வாயு வரை படிப்படியாகக் கொண்டுபோகும் முழு வசதியும் கொண்டது. எல்கானியில் அந்தச் சங்கிலி முழுமையாக இல்லை. நெல் வயல்களில் 110 கூட்டம் நிலைத்து நிற்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் இது முக்கியமானது. ஆகவே நெல் தரிசில் 110 வகைப் பாக்கெட்டு கிடைத்தால் தயங்காமல் போடலாம். ஆரம்பத்தில் சொன்ன விலக்கு இதுதான்.

பாக்கெட்டில் கவனிக்க வேண்டியது

எவ்வளவு நல்ல வகையாக இருந்தாலும் பாக்கெட்டில் செத்துக் கிடந்தால் என்ன பயன்? என்னைக் கேட்டால், சாதாரண வகையின் புது பாக்கெட்டு, சிறந்த வகையின் பழைய பாக்கெட்டை விட மேல். உரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவ ரைசோபியத்தில் (வேர்முடிச்சு பாக்டீரியா உரத்துக்குக் கடையில் சொல்லும் பெயர்) கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்களும், திரவத்தில் மில்லிலிட்டருக்கு 10 கோடியும் இருக்க வேண்டும். தகரக் கூரைக் கடையில் கோடை முழுக்கக் கிடந்த பாக்கெட்டில் அது இருக்கும் என்று நான் நம்பமாட்டேன். தயாரித்த தேதி, எந்தப் பயிருக்கு என்ற குறிப்பு, வகையின் எண் மூன்றையும் பாருங்கள். எண் இல்லாவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பிரிவில் வாங்கினால் கேட்டுத் தெரிந்துகொள்ள வசதி அதிகம்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. வழக்கமான பரிந்துரை ஹெக்டேருக்கு 200 கிராம் பாக்கெட்டு மூன்று. ஏக்கருக்கு 32 கிலோ விதை, கிலோவுக்குச் சுமார் 10,000 மணி என்று வைத்தால், அந்த அளவில் ஒரு விதைக்குக் கிடைப்பது 40,000 செல்லுக்கும் குறைவு. சோயாவுக்கு ஒரு விதைக்கு 1 லட்சமாவது ஒட்டியிருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட அளவு. அதனால் ஏக்கருக்கே மூன்று பாக்கெட்டு என்று நான் சொல்வேன். செலவு பெரிதல்ல. ஆறின வடிகஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பூஞ்சாண மருந்து கலப்பதாக இருந்தால் அதை முந்தின நாளே முடித்துவிடுங்கள், இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

நம் ஊர் வழக்கத்தில் ஒன்றை மாற்றியாக வேண்டும்: புழுதி விதைப்பு. மழைக்கு முன் காய்ந்த சூடான மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது நெல்லுக்குச் சரி. பாக்டீரியா ஒட்டிய சோயா விதையை அப்படிப் போட்டால், மழை வருவதற்குள் ஒட்டியதில் பெரும்பகுதி செத்துப்போகும். மழை பெய்து மண் குளிர்ந்த பிறகு, சாயங்காலமாக விதையுங்கள். புழுதியில்தான் போட முடியும் என்றால், முளைத்த பின் ஈரம் இருக்கும்போது பாக்டீரியாவைத் தொழுவுரத்தில் கலந்து வரிசையோரம் போடலாம். விதையில் ஒட்டுவதற்கு ஈடாகாது, ஒன்றுமே இல்லாததற்குத் தேவலை.

அப்புறம், முடிவை என் பேச்சை வைத்து எடுக்காதீர்கள். நிலத்தில் மூன்று பட்டை விடுங்கள்: ஒன்றும் கலக்காதது ஒன்று, பாக்டீரியா கலந்தது ஒன்று, பாக்டீரியா இல்லாமல் யூரியா தாராளமாகப் போட்டது ஒன்று. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மூன்றுக்கும் சமமாக இருக்கட்டும். 40, 45 நாளில் ஒவ்வொரு பட்டையிலும் பத்துப் பன்னிரண்டு செடியை மண்வெட்டியால் தோண்டி எடுத்து (பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும்) வேரை அலசி, முடிச்சைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. ஆணிவேரின் மேல்பகுதியில் கொத்தாக இருந்தால் பெரும்பாலும் நாம் விதையில் ஒட்டியது. பக்கவேர்களில் தூரத் தூரமாகச் சிதறியிருந்தால் மண்ணில் இருந்தது பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

கலக்காத பட்டையிலும் சிவப்பு முடிச்சு நிறைய இருந்து, செடியும் மற்றவற்றைப் போலவே பச்சையாக நின்றால் உங்கள் மண்ணிலேயே நல்ல வகை இருக்கிறது. அந்த முடிச்சுகளைச் செடியோடு வம்பனுக்கோ குன்றக்குடி வேளாண் அறிவியல் மையத்துக்கோ எடுத்துப்போய்க் காட்டுங்கள், அது விலைமதிப்புள்ள சரக்கு. கலந்த பட்டை மட்டும் தேறினால் அடுத்த வருடமும் கலந்து போடுங்கள். பிரேசிலில் ஏற்கெனவே பாக்டீரியா நிறைந்த நிலங்களிலேயே வருடாவருடம் கலப்பதற்கு சராசரியாக 8 சதவீதம் விளைச்சல் கூடுகிறது. கோடையில் எண்ணிக்கை சரியும் நம் மண்ணிலும் வருடாவருடம் கலப்பதே நல்லது. யூரியா பட்டை மட்டும் தேறி மற்ற இரண்டும் வெளிறிக் கிடந்தால், பாக்கெட்டைக் குறை சொல்வதற்கு முன் மண் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் கார அமில நிலையையும் மணிச்சத்தையும் பாருங்கள். அமிலம் கூடிய மண்ணில் முடிச்சு வேலை செய்யத் தேவையான மாலிப்டினம் என்ற நுண்சத்தும் செடிக்குக் கிடைக்காது. கார அமில நிலை 5.5க்குக் கீழே இருந்தால், சுண்ணாம்பு இட்டு மண்ணைச் சரிசெய்த பிறகே அடுத்த பாக்கெட்டை வாங்குங்கள்.